கத்துக்குட்டியின் ஹெலிகாப்டர்: கம்பி, பம்பரம், சில்லு

ஹெலிகாப்டர் வரலாறு எழுதுறவங்க பெரும்பாலும் லியனார்டோ டா வின்சி வரைஞ்ச படத்துல ஆரம்பிச்சு, தொப்பி போட்ட சிகோர்ஸ்கி பறக்கிற போட்டோவுல வந்து நிப்பாங்க. நல்ல கதைதான். நான் சொல்லப்போறது அதுக்குப் பக்கத்து வீட்டுக் கதை. ஆள் ஏறவே முடியாத ஹெலிகாப்டர்களோட கதை. தரையில நின்னுக்கிட்டு, கையில ரிமோட்டை வச்சுக்கிட்டு ஓட்டுற மாடல் ஹெலிகாப்டர்.

அதுலயும் ஒரே ஒரு கேள்விதான். முதல்முறையா ஓட்டப்போற ஒரு கத்துக்குட்டி கையில கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த மெஷினை எப்படி தயார் பண்றாங்க? அப்படி தயார் பண்ற வித்தை எங்கேர்ந்து வந்துச்சு?

படிக்க வந்த இடம் ஜெர்மனியில ஹெஸ்ஸன் மாநிலம். ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், துணி துவைச்சு முடிச்சா செய்றதுக்கு ஒண்ணும் இருக்காது. லேப்ல கூட இருக்கிற பையன் ஒருத்தன் மாடல் விமான கிளப்புக்கு இழுத்துக்கிட்டுப் போனான். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி, ஒரு மரக்குடில், காபி ஃப்ளாஸ்க், பெரும்பாலும் பென்ஷன் வாங்குற பெரியவங்க. கிளப்புக்குள்ள எல்லாரும் எல்லாரையும் 'டூ'ன்னுதான் கூப்பிடணுமாம், அதாவது நம்மூர் 'நீ'. எழுபதைத் தாண்டின மனுஷனை 'நீ'ன்னு கூப்பிட எனக்கு ரெண்டு மாசம் நாக்கு புரளவே இல்லை :-) இந்தப் பதிவுல அவரை தாத்தான்னே சொல்லிடறேன். எனக்காக ஒரு ஹெலிகாப்டரை அவர் தயார் பண்ண எடுத்துக்கிட்டது ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. அந்த ரெண்டு நாளும் ஒரு தடவைகூட அது பறக்கலை. அப்படி என்னதான் பண்றாருன்னு தோண்டப் போய்தான் இவ்வளவு பெரிய வரலாறு கிடைச்சது.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

மாடல் விமானத்துக்கு இயற்கையே கொஞ்சம் உதவி பண்ணும். இறக்கையை லேசா மேல்நோக்கி வளைச்சு வச்சா, ஒரு பக்கம் சாஞ்சாலும் தானா நிமிரப் பார்க்கும். பயந்துபோய் கையை எடுத்துட்டா, நல்ல பயிற்சி விமானம் அது பாட்டுக்கு மிதந்துக்கிட்டு இருக்கும்.

ஹெலிகாப்டர்ல கையை எடுத்தா அவ்வளவுதான். ஒரே இடத்துல அந்தரத்துல நிக்கிறது (ஹோவர்னு சொல்வாங்க) பார்க்க அமைதியா இருக்கும். ஆனா அது உள்ளங்கையில துடைப்பக்குச்சியை நிக்க வைக்கிற மாதிரி ஓயாத வேலை. லேசா முன்னாடி சாஞ்சா முன்னாடி நகர ஆரம்பிக்கும், தடுக்க பின்னாடி இழுத்தா அதிகமா போயிடும், அதைத் தடுக்க மறுபடி முன்னாடி. இது போதாதுன்னு, என்ஜின் ரோட்டரை ஒரு பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். நியூட்டனோட மூணாவது விதி. அதைத் தடுக்கத்தான் வால் விசிறி. மேலே ஏத்த சக்தி கூட்டினா, வாலையும் அதே நொடியில திருத்தணும்.

பெரிய ஹெலிகாப்டர்ல பைலட் உள்ளே உட்கார்ந்திருக்கார். சாயறது அவருக்கு இடுப்புலயே தெரியும். மாடல்ல நாம வெளியே நிக்கிறோம், கண்ணு மட்டும்தான் துணை. மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிட்டா இடது வலது ரெண்டும் தலைகீழ். இன்னொண்ணு, உருவம் சின்னதாக ஆக அசைவு வேகமாகும். நீளமான மூங்கிலை விரல்ல நிறுத்திடலாம், பென்சிலை நிறுத்திப் பாருங்க. மாடல் ஹெலிகாப்டர் அந்தப் பென்சில்.

ஆக, ஓட்டுறவனோட வேலையில ஒரு பங்கை மெஷின் வாங்கிக்கணும். எவ்வளவு பங்கு, எப்படி வாங்கிக்கிறதுன்னு தேடின கதைதான் மீதி எல்லாம்.

கணக்குப் படிச்சவரும் ஒரு கம்பியும்

ஆர்தர் யங், அமெரிக்கர். பிரின்ஸ்டனில் கணிதம் படித்துவிட்டு, வாழ்க்கையில் எதைக் கண்டுபிடிக்கலாம் என்று தேடி, 1928-ல் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்தார். கம்பெனி கிடையாது, சம்பளம் கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மாடல்களைச் செய்வதும் அவை நொறுங்குவதைப் பார்ப்பதுமாக ஓட்டினார். பெரிய மெஷினைக் கட்டி ஆளைக் கொல்வதைவிட சின்ன மாடலைக் கட்டி பாடம் கற்கலாம் என்பது அவர் வழி.

அவர் கண்டுபிடித்தது ஒரு கம்பி. ரோட்டர் பிளேடுகளுக்குச் செங்குத்தாக, ரெண்டு முனையிலும் எடை வைத்த ஒரு கம்பியை ரோட்டரோடு சேர்த்துச் சுத்த விட்டார். சுத்துகிற கம்பி பம்பரம் மாதிரி, தன் தளத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுக் கொடுக்காது. உடம்பு சாய்ந்தாலும் கம்பி கொஞ்ச நேரம் மட்டமாகவே சுத்தும். அந்தக் கம்பியை பிளேடுகளோடு இணைத்துவிட்டால், 'சாயாதே, இங்கதான் மட்டம்' என்று அது பிளேடுகளைத் திருத்திக்கொண்டே இருக்கும். யங்கோட மாடல் முதல்முறையா ஒழுங்கா அந்தரத்தில் நின்றது.

1941-ல் பஃபலோ நகரில் இருந்த பெல் கம்பெனிக்குப் போய், மாடலைப் பறக்கவிட்டுக் காட்டினார். வேலை கிடைத்தது. 1942 கடைசியில் பெல் 30 கயிறு கட்டிய நிலையில் தரையை விட்டு எழும்பியது. அதன் வாரிசு பெல் 47, 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் சிவில் உபயோகத்துக்கான சான்றிதழ் வாங்கிய முதல் ஹெலிகாப்டர். பழைய படங்களில் கண்ணாடிக் குமிழி மாதிரி முகத்தோட வருமே, அதேதான். இங்கே கவனிக்க வேண்டியது ஒண்ணு: பெரிய ஹெலிகாப்டரைப் பார்த்து மாடல் வரலை, மாடல்லேர்ந்து பெரிய ஹெலிகாப்டர் வந்திருக்கு.

அதே காலத்துல கலிஃபோர்னியாவுல ஸ்டான்லி ஹில்லர்னு ஒரு பையன். பள்ளி வயசுலயே பெட்ரோல் என்ஜின் வச்ச பொம்மை ரேஸ் கார் செஞ்சு வித்த கில்லாடி. 1944-ல், இருபது வயசு ஆகறதுக்குள்ள, சொந்த ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டான். (நாமெல்லாம் அந்த வயசுல அரியர் பேப்பர் எழுதிக்கிட்டு இருந்தோம்.) பின்னாடி வந்த அவரோட ஹெலிகாப்டர்கள்ல கம்பி முனையில எடைக்குப் பதிலா துடுப்பு மாதிரி குட்டி இறக்கைகள் இருக்கும். பைலட் நேரடியா பெரிய பிளேடுகளை அசைக்க மாட்டார், துடுப்பைத்தான் அசைப்பார். துடுப்பு பெரிய பிளேடுகளை அசைக்கும். யங் தந்தது நிதானம், ஹில்லர் தந்தது குறைஞ்ச பலத்தில் இயக்கும் வசதி. மாடல்காரர்கள் பிற்பாடு ரெண்டையும் கலந்து 'பெல்-ஹில்லர்'னு ஒரு அமைப்பே பண்ணிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல மாடல் ஹெலிகாப்டர்களோட தலையில இருந்த ஃப்ளைபார் இந்தக் கலவைதான்.

மூல்ஹைமில் ஒரு ஷ்லூட்டர்

ரேடியோவில் இயங்கும் மாடல் விமானங்கள் 1950-களிலேயே சர்வசாதாரணம். ஹெலிகாப்டர் மட்டும் யாருக்கும் பிடிபடலை. 1960-கள் முழுக்க ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் பலர் முயற்சி பண்ணாங்க. பெரும்பாலானவை எழும்பும், சில நொடி ஆடும், கவிழும். பிளேடு தரையில பட்டா சில்லு சில்லா சிதறிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ரோட்டர் காலி.

பிடிபட்டது டீட்டர் ஷ்லூட்டர்ங்கிற ஜெர்மானியருக்கு. ஊர் மூல்ஹைம் அம் மைன். இங்கே ஃப்ராங்ஃபுர்ட்லேர்ந்து ஹானாவ் போற எஸ்-பான் ரயில்ல, ஓஃபன்பாக் தாண்டினா வர்ற ஊர். அந்த ரயில்ல எத்தனையோ தடவை போயிருக்கேன், தாத்தா சொல்ற வரைக்கும் அந்த ஊர் எனக்கு ஒரு ஸ்டேஷன் பலகை மட்டும்தான்.

ஷ்லூட்டர் புதுசா எதையும் மந்திரத்தால வரவழைக்கலை. கனமான, நிதானமா சுத்துற ரோட்டர். அதுக்கு மேல துடுப்பு வச்ச ஃப்ளைபார். சின்ன செர்வோ மோட்டாருக்கு பெரிய பிளேடைத் திருப்ப பலம் போதாது, ஆனா துடுப்பைத் திருப்ப போதும். ஹில்லரோட வழி, மாடலோட பிரச்சினைக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்திடுச்சு. 1970-ல் பெல் ஹியூ கோப்ரா உருவத்தில் செய்த மாடலை கிட்டத்தட்ட 28 நிமிடம் பறக்கவைத்தார். நேர்கோட்டில் 11 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டும் போனார். ரெண்டுமே உலக சாதனையாகப் பதிவாயின. நொடிக்கணக்கில் இருந்த விஷயம் நிமிடக்கணக்குக்கு வந்தது.

சாதனையைவிட பெரிய விஷயம் அதுக்கு அப்புறம் அவர் செஞ்சது. அந்த ஹெலிகாப்டரை 1970-களின் ஆரம்பத்தில் பெட்டியில் போட்டு, யார் வேணும்னாலும் வாங்கி வீட்டில் கட்டுகிற மாதிரி விற்றார். எப்படிக் கட்டறது, எப்படி சரிபார்க்கறது, எப்படி ஓட்டக் கத்துக்கறதுன்னு புத்தகமும் எழுதினார். ஒருத்தர் மட்டும் செய்யக்கூடிய வித்தையா இருந்தது, சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடமா மாறினது அப்போதான். கத்துக்குட்டிங்கிற ஜாதியே அங்கதான் பிறக்குது :-)

அந்த முதல் கோப்ராவுல பிளேடோட கோணம் (பிட்ச்) நிலையானது. மேலே போகணும்னா 10 சிசி என்ஜினை முடுக்கணும், இறங்கணும்னா குறைக்கணும். கனமான ரோட்டர் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், அதனால எதுவும் கேட்ட உடனே நடக்காது. நியூரம்பெர்க்கைச் சேர்ந்த காவான் கம்பெனியோட ஜெட் ரேஞ்சர் மாடல்ல பெரிய ஹெலிகாப்டர்ல மாதிரியே பறக்கும்போது பிளேடு கோணத்தை மாத்த முடியும். ரோட்டர் வேகம் அப்படியே இருக்க, கோணத்தைக் கூட்டினா டக்குன்னு ஏறும். கொஞ்ச வருஷத்துல எல்லாரும் இந்த வழிக்கு வந்துட்டாங்க. ஆனா இதோட புது வேலை ஒண்ணும் வந்துச்சு. கோணம் கூடும்போது என்ஜினோட சக்தியும் சரியான அளவு கூடணும். ரிமோட்ல ஒரே குச்சி, ரெண்டு வேலை. எந்த இடத்துல எவ்வளவு கோணம், எவ்வளவு சக்தின்னு பொருத்தறதுதான் 'செட்டப்'னு ஆச்சு.

வாலில் கட்டிய பம்பரம்

தலைக்கு நிதானம் வந்தாச்சு. வால்? ஆரம்பகால பைலட்கள் வாலை முழுக்க விரலாலயே அடக்கினாங்க. காத்து ஒரு பக்கம் தள்ளினா, சக்தி கொஞ்சம் மாறினா, ஒவ்வொண்ணுக்கும் திருத்தம். தாத்தா அந்தக் காலத்துல கத்துக்கிட்டவர். முதல் சீசன் முழுக்க வாலைத் தவிர வேற எதையும் பார்த்ததா ஞாபகம் இல்லைன்னு சொல்வார்.

இதுக்கு வந்த மருந்து ஜைரோ. முதல்ல நிஜப் பம்பரம்தான். தீப்பெட்டியைவிட கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள்ள குட்டி மோட்டார் ஒரு சக்கரத்தைச் சுத்தும். ஹெலிகாப்டர் திரும்பினா அதை உணர்ந்து வால் செர்வோவுக்கு எதிர்த்திருத்தம் அனுப்பும். 1990-களில் சுத்துற சக்கரத்துக்குப் பதிலா அதிர்கிற பீசோ படிகம் வந்தது. அதே பத்தாண்டுல 'ஹெடிங் ஹோல்ட்' வந்தது. பழைய ஜைரோ திரும்புற வேகத்தை மட்டும் தணிக்கும். புதுசு எந்தத் திசையில இருந்தோம்னு ஞாபகம் வச்சுக்கும், காத்து தள்ளினாலும் திரும்ப அங்கேயே கொண்டுவந்து நிறுத்தும். மனுஷ விரல் பழக ஒரு சீசன் எடுத்துக்கிட்ட வேலை, ஒரு குட்டி டப்பாவுக்குள்ள போயிடுச்சு.

நெல் வயலில் ஒரு ஹெலிகாப்டர்

கத்துக்குட்டிகளை முக்கியமான வாடிக்கையாளரா நினைச்சு மெஷின் செஞ்சதுல ஜப்பான் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980-களில் ஹிரோபோவின் ஷட்டில், கியோஷோவின் கான்செப்ட் 30. ரெண்டும் 5 சிசி என்ஜின் வகை, நிறைய பிளாஸ்டிக் பாகங்கள், விழுந்தா சீக்கிரம் சரிபண்ணிடலாம். விழும்ங்கிறதை ஒத்துக்கிட்டு வடிவமைச்ச மெஷின்.

அதே சமயம் யமஹா வேற ஒரு கத்துக்குட்டியைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தது. நெல் விவசாயி. ஜப்பானில் கிராமங்களில் ஆள் குறைந்துகொண்டிருந்தது, வயசானவர்கள்தான் மருந்தடிக்க வேண்டிய நிலை. 1987-ல் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை யமஹா கொண்டுவந்தது, 1997-ல் ஆர்-மேக்ஸ். இதை ஓட்டப்போகிறவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை, மருந்தடிக்கிற வேலை. ஹோவர் பழக வருஷக்கணக்கில் அவருக்கு நேரம் இல்லை. அதனால் சாய்வைத் தானே சமன் செய்யும் கட்டுப்பாட்டை மெஷினுக்குள்ளேயே வைத்தார்கள். விவசாயிக்கு எளிதாக்கினால் மெஷின் எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் காட்டியது அந்த நெல் வயல்கள்தான்.

கம்பி போய் சில்லு வந்தது

2000-க்குப் பிறகு எல்லாம் ஒண்ணா வந்து சேர்ந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரி, பிரஷ் இல்லாத மோட்டார், செல்போன்ல இருக்கிற மாதிரி அரிசி அளவு உணரிகள். ஜெர்மனியின் இக்காரஸ் கம்பெனியோட பிக்கோலோ மாதிரி குட்டி மின்சார ஹெலிகாப்டர்கள் வீட்டு ஹாலுக்குள்ளயே பறந்தன. தைவானின் அலைன் கம்பெனி டி-ரெக்ஸ் 450-ஐ கொண்டுவந்ததும் மாணவர்கள்கூட வாங்கக்கூடிய விலைக்கு உண்மையான பிட்ச் மாறும் ஹெலிகாப்டர் கிடைச்சது. ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு ரோட்டர் எதிரெதிரா சுத்துற குட்டிகளும் வந்தன. அதுங்க கையை எடுத்தாலும் அசையாம நிக்கும்.

அப்புறம் அந்தக் கம்பியே போயிடுச்சு. மூணு திசைக்கும் ஜைரோ வச்சு, கணக்கைப் போட ஒரு சில்லு வச்சு, ஃப்ளைபார் செஞ்ச வேலையை மென்பொருள்ல செய்ய ஆரம்பிச்சாங்க. இதுல முன்னோடி போட்ஸ்டாம்ல இருக்கிற மிகாடோ கம்பெனியோட வி-ஸ்டாபி. பத்து வருஷத்துக்குள்ள கடையில ஃப்ளைபார் வச்ச புது ஹெலிகாப்டரைத் தேடிக் கண்டுபிடிக்கணும்னு ஆயிடுச்சு. 1928-ல யங் தேட ஆரம்பிச்சது, கடைசியில தபால்தலை அளவு பலகையில சில வரி நிரலா நிக்குது.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை

இப்போ தாத்தாவோட மேஜைக்கு வருவோம். அவர் செஞ்ச ஒவ்வொண்ணுக்கும் மேலே சொன்ன வரலாற்றுல ஒரு இடம் இருக்கு.

முதல் வேலை: மோட்டாரோட மூணு ஒயர்ல ரெண்டைக் கழட்டினார். செட்டப் முடியற வரைக்கும் ரோட்டர் சுத்தக்கூடாது. 450 அளவு ஹெலிகாப்டரோட ரோட்டர் விட்டம் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,700 சுத்துன்னு வச்சு கணக்குப் போட்டா பிளேடு முனையோட வேகம் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டும். 2013-ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு பூங்காவுல 19 வயசுப் பையன் தன்னோட மாடல் ஹெலிகாப்டர் தலையில அடிச்சு இறந்துபோனான். அவன் கத்துக்குட்டிகூட இல்லை, நல்லா ஓட்டத் தெரிஞ்சவன். பொம்மைன்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

ரெண்டாவது: ஸ்வாஷ்பிளேட். ரிமோட் சொல்றதை சுத்துற பிளேடுகளுக்குக் கடத்துற தட்டு. அது மட்டமா இருக்கணும், செர்வோ கைகள் 90 டிகிரியில நிக்கணும். இங்கே அரை மில்லிமீட்டர் தப்பினா, பறக்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கிட்டே போகும். கத்துக்குட்டி தன் கைதான் தப்புன்னு நினைச்சுக்குவான்.

மூணாவது: பிட்ச். சாகசம் பண்றவங்க குச்சி நடுவுல பூஜ்யம், மேலே எவ்வளவு கூட்டலோ கீழே அவ்வளவு கழித்தல்னு வைப்பாங்க, தலைகீழா பறக்கறதுக்கு. எனக்கு அவர் வச்சது: கீழே கழித்தல் 2 டிகிரி, நடுவுல 5, மேலே 10. காரணம் எளிமை. பயந்தவன் முதல்ல பண்றது குச்சியை அப்படியே கீழே இழுக்கிறது. கழித்தல் 10 இருந்தா ரோட்டர் மெஷினைத் தரையில அறையும். கழித்தல் 2 இருந்தா கொஞ்சம் வேகமா இறங்கும், அவ்வளவுதான். அந்த நம்பர் பயத்துக்கு விட்ட இடம்.

நாலாவது: ஜைரோவோட திசை. வாலைக் கையால ஒரு பக்கம் திருப்பினா செர்வோ எதிர்ப்பக்கம் தள்ளணும். உடம்பை முன்னாடி சாய்ச்சா ஸ்வாஷ்பிளேட் பின்னாடி சாயணும். சில்லுக்கு திசை தப்பா சொல்லியிருந்தா, அது தப்பை ரொம்ப சாமர்த்தியமா, வேகமா செய்யும். கிளம்பின நொடியிலயே கவிழ்ந்துடும்.

அஞ்சாவது: எடை. பேட்டரி வச்சதுக்கு அப்புறம் ரோட்டர் தலையைப் பிடிச்சுத் தூக்கினா மூக்கும் வாலும் மட்டமா தொங்கணும். ஆறாவது: ரிமோட் குச்சியோட நடுப்பகுதியை மழுங்க வைக்கிறது. எக்ஸ்போன்னு சொல்வாங்க. லேசான நடுக்கத்துக்கு மெஷின் ஆடாது. ஏழாவது: ரோட்டர் வேகத்தைக் குறைக்கிறது, அப்போதான் எல்லாம் கொஞ்சம் சாந்தமா நடக்கும். ஷ்லூட்டரோட கனமான, நிதானமான ரோட்டர் ஞாபகம் வருதா? அதேதான், வேற வழியில. எட்டாவது: அடியில குறுக்கே ரெண்டு நீளக்குச்சி, முனையில பிளாஸ்டிக் பந்து. சாஞ்சு இறங்கினா குடை சாயாம தாங்கும்.

கடைசியா ஒயரை மாட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்னு, ஒரு பிளேடு முனையில கலர் டேப் ஒட்டி, ரெண்டு பிளேடும் ஒரே உயரத்துல சுத்துதான்னு பக்கவாட்டுல பார்த்தார். அப்புறம் மூணாவது ஞாயிறு அவரே முதல்ல பறக்கவிட்டார், என்கிட்ட கொடுக்கலை. ஹோவர்ல நிறுத்தி, இழுக்கிற பக்கத்தைத் திருத்தி, இறக்கி, பேட்டரி சூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

என் முறை வந்தப்போ ரெண்டு ரிமோட். இங்கே அதுக்குப் பேர் லேரர்-ஷூலர், ஆசிரியர்-மாணவர். (ஷூலர் நான், ஷ்லூட்டர் அவர், நடுவுல ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஹி ஹி.) அவர் ஸ்விட்சைப் பிடிச்சிருக்கிற வரை கட்டுப்பாடு என் கையில. விட்டா அவர் கைக்குப் போயிடும். முதல் நாள் மொத்தமா நான் ஓட்டினது ஒரு நிமிஷத்துக்குள்ளதான் இருக்கும், அதுவும் துண்டு துண்டா. வால் என் பக்கம், மூக்கு அந்தப் பக்கம், முழங்கால் உயரம். ஒவ்வொரு துண்டு முடியும்போதும் ஸ்விட்சை விடற சத்தம் கேட்கும். அது கேட்காம பத்து நொடி போனப்போ தாத்தா காபி ஊத்தப் போயிட்டாரோன்னு திரும்பிப் பார்க்கத் தோணுச்சு, பார்க்கலை.

இனிமே தாத்தா தேவையா?

நியாயமான கேள்வி. இப்போ விக்கிற பல மெஷின்ல ஒரு 'காப்பாத்து' பட்டன் இருக்கு, அமுக்கினா தானே நிமிர்ந்துக்கும். நாலு விசிறி டிரோன்ல அதுகூட வேண்டாம், ஜிபிஎஸ் பிடிச்சு நிறுத்திடும். ஷ்லூட்டர் பேரை 1990-களில் வாங்கின ரொபே கம்பெனி 2015-ல திவால். கிர்ஷ்ஹைம்ல இருந்த க்ரௌப்னரும் அதுக்கு முன்னாடியே திவாலாகி கைமாறிடுச்சு. 2005 முதல் ஜெர்மனியில் மாடல் பறக்கவிட காப்பீடு கட்டாயம், 2020 கடைசியில் வந்த ஐரோப்பிய விதிப்படி ஓட்டுகிறவர் பதிவும் செய்யணும். புல்வெளிக்கு வர்ற இளசுகள் கம்மி. எங்க கிளப்புல முப்பதுக்குக் கீழே நானும் லேப் நண்பனும் மட்டும்தான்.

நம்மூர்ல இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வச்சவர், உங்களுக்கே தெரியும், தல அஜித். மாடல் ஹெலிகாப்டர் மேல அவருக்கு இருந்த ஆர்வத்தால 2018-ல் அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் குழு அவரை ஹெலிகாப்டர் சோதனை விமானியாகவும் ஆலோசகராகவும் சேர்த்துக்கிட்டது. ரசிகர்கள் அதை ஸ்டைலா பார்த்தாங்க. எனக்குப் பிடிச்சது வேற. மாணவர்கள் செஞ்ச மெஷினை முதல்ல பறக்கவிட்டுப் பார்க்க பழகின கை ஒண்ணு வேணும்னு ஒரு பொறியியல் குழு நினைச்சது. கிளப்புல தாத்தாவுக்கு இருக்கிற அதே வேலை.

என் கருத்து இதுதான். கம்பி, பம்பரம், சில்லு மூணும் கைவேலையைக் குறைச்சது உண்மை. யமஹா விவசாயிக்கு அது வரம். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா சில்லுக்கு எது மட்டம், எது முன்பக்கம், எந்த அளவுக்கு பயப்படற ஆள் ஓட்டப்போறான்னு யாராவது சொல்லித்தான் ஆகணும். கழித்தல் 2 டிகிரிங்கிறது என்னைப் பார்த்து, என் கை நடுங்கறதைப் பார்த்து தாத்தா வச்சது. பெட்டியோட வர்ற கையேட்டுல பொதுவான ஒரு நம்பர் இருக்கும், என் நம்பர் இருக்காது. யங் தனியா பன்னிரண்டு வருஷம் உடைச்சார், ஷ்லூட்டர் அதைப் புத்தகமாக்கினார், தாத்தா அதை எனக்காக ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில செட் பண்ணார். உடையற எண்ணிக்கை ஆளுக்கு ஆள் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. காரணம் கருவி மட்டும் இல்லை.

யாராவது வாங்கற யோசனையில இருந்தீங்கன்னா: முதல்ல ஒரு சிமுலேட்டர், அங்கே உடைஞ்சா காசு போகாது. அப்புறம் பழகின ஒருத்தர். ஹெலிகாப்டர் மூணாவதுதான். ஊர்ல இருக்கிறவங்க 2021-ல வந்த டிரோன் விதிகளை ஒரு தடவை படிச்சுட்டு வாங்குங்க, விமான நிலையம் பக்கத்துல வீடு இருந்தா ரெண்டு தடவை.

பின்குறிப்பு: என்ஜின் நின்னுபோனா ஹெலிகாப்டர் கல்லு மாதிரி விழுமான்னு லேப்ல ஒருத்தர் கேட்டார். விழாது, ஒழுங்கா ஓட்டினா பூ மாதிரி இறக்கலாம். ஆட்டோரொட்டேஷன்னு பேர். தாத்தா இன்னும் எனக்கு அதைச் சொல்லித் தரலை. வர்ற வசந்தத்துல சொல்லித் தர்றேன்னிருக்கார், கத்துக்கிட்டு வந்து எழுதறேன்.